பேட்ச் ஒன்றுகூடிவிட்டது. மாதம் ஒரு நாள் கொடுக்கத் தயார். எங்கே கொடுத்தால் உருப்படியாக இருக்கும்?

தாமிரபரணி_06 எழுதியது:

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் எம்.எஸ்சி. படித்து 2006-இல் வெளியே வந்தவர்கள் நாங்கள். இந்தப் பொங்கல் லீவில்தான் முதல் தடவையாக எல்லோரும் ஒரே இடத்தில் கூடினோம். வாட்ஸ்அப் குழுவில் 38 பேர் இருக்கிறோம், நேரில் வந்தது 23. பிரியாணி எல்லாம் முடிந்து, யாருக்கு எத்தனை முடி கொட்டியிருக்கிறது என்று பேசி ஓய்ந்த பிறகு, வழக்கம்போல ஒருத்தன் "ஊருக்கு ஏதாவது செய்யணும்டா" என்று ஆரம்பித்தான். எல்லோரும் தலையாட்டினோம். என்ன செய்வது என்று கேட்டதும் அமைதி.

இதற்கு முன்னால் ஒரு தடவை செய்து சூடுபட்டிருக்கிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு அரசுப் பள்ளிக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்தோம். திறப்பு விழா, சால்வை, குரூப் போட்டோ எல்லாம் உண்டு. எட்டு மாதம் கழித்து நான் அந்த வழியாகப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். மெஷின் ஓடவில்லை, அதன் தலையில் சாக்பீஸ் டப்பா இருந்தது. பில்டரை யார் மாற்றுவது, அதற்குப் பணம் யார் தருவது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. பள்ளியைக் குறை சொல்ல எதுவும் இல்லை, தப்பு எங்களுடையது.

அதனால் இந்த முறை பணத்தை விட நேரம் கொடுப்போம் என்று நினைக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை. 11 பேர் சென்னையில், 9 பேர் நெல்லை, தூத்துக்குடி, மதுரை வட்டாரத்தில், பாக்கிப் பேர் பெங்களூர், சிங்கப்பூர், வளைகுடா என்று சிதறிக் கிடக்கிறார்கள். படித்தது கணிதமும் இயற்பியலும், இப்போது பார்ப்பது ஐ.டி., வங்கி, ஆசிரியர் வேலை, ஒருத்தர் மட்டும் உரக்கடை. படிக்கும்போது பாதிப் பேர் என்.எஸ்.எஸ். என்ற நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவர்கள், ஏழு நாள் முகாமில் கருவேலம் வெட்டிக் கையெல்லாம் கிழிந்த அனுபவம் உண்டு. டிரஸ்ட், தலைவர், பொருளாளர் என்று இறங்கி நட்பைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. நேரில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

—

கரும்பலகை எழுதியது:

சாக்பீஸ் டப்பாவைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பள்ளியிலும் அப்படி ஒன்று இருக்கிறது, அதன் தலையில் இருப்பது வரைபடச் சுருள், அவ்வளவுதான் வித்தியாசம். சிவகங்கை மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பொருள் வாங்கித் தருவதாக இருந்தால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற அரசுத் திட்டம் வழியாகப் போங்கள், எந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று அதில் பார்க்கலாம். அது பணத்துக்கான பாதை. நேரத்துக்கு வருகிறேன்.

முன்னாள் மாணவர்கள் என்று வருபவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கேட்பது "பசங்களுக்கு ஒரு மோட்டிவேஷன் பேச்சு கொடுக்கலாமா சார்" என்றுதான். நானும் மரியாதைக்குச் சரி என்பேன். கலாம் மேற்கோள் இரண்டு, "கனவு காணுங்கள்", கைதட்டல், பிஸ்கட் பாக்கெட், கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பீரியட் லீவு கிடைத்த சந்தோஷம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பிள்ளைகளிடம் கனவுக்குப் பஞ்சமில்லை, சாதிச் சான்றிதழில் இனிஷியல் தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.

கல்லூரி என்பது உள்ளே எப்படி இருக்கும், எப்படி நுழைவது, நுழைந்த பிறகு எப்படித் தாக்குப்பிடிப்பது, இது மூன்றும் உங்களுக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்குத் தெரியாது. ஆசிரியர்களான எங்களுக்கும் பாதிதான் தெரியும், நான் கல்லூரியில் சேர்ந்தபோது ஆன்லைன் கலந்தாய்வே கிடையாது. உங்களால் ஆகிற வேலை இதுதான் என்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. ஒரு பையன், பொறியியல் கட்-ஆஃப் 178. அதாவது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்குப் போடுவார்கள் இல்லையா, அதில் 178. நல்ல மார்க். விருப்பப் பட்டியலில் நான்கே நான்கு கல்லூரி போட்டுவிட்டு வந்திருக்கிறான். ஏன்டா என்றால் "அதிகமா போட்டா காசு கேப்பாங்கன்னு நெனச்சேன் சார்" என்றான். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், அதற்குப் பணம் கிடையாது. அந்தச் சுற்றில் நான்கில் எதிலும் இடம் இல்லை, கையில் ஒதுக்கீடே வரவில்லை. அதே தெருவில் 165 வைத்திருந்த பெண் அறுபது எழுபது வரிசையாகப் போட்டு, நல்ல கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அவளுக்குச் சித்தப்பா ஒருத்தர் இன்ஜினியர், அவர் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார். இந்தப் பையனுக்கு அப்படி ஒரு சித்தப்பா இல்லை. நீங்கள் 38 பேரும் சித்தப்பா, அத்தையாக மாறினால் போதும், பேச்செல்லாம் வேண்டாம்.

இன்னும் கேளுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-இல் வந்தது, பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-இல் வந்தது. அதில் சேர்கிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. இது தெரியாமல், ரிசல்ட் வந்த மறுநாளே வீட்டுக்கு வருகிற புரோக்கரிடம் முன்பணம் கட்டி, அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டு நிற்கிற குடும்பங்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். அந்த நேரத்தில் வீட்டுக்குள் நம்பகமான ஒரு ஆள் போனில் இருந்தால் பெரிய விஷயம். கல்லூரி சேர்கிற பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் 2022 முதல் வருகிறது, பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். பொறியியல் வேண்டாம் என்பவர்களுக்கு அரசு கலை அறிவியல் கல்லூரிகள், அரசு விடுதிகள் எல்லாம் இருக்கின்றன. இருப்பது தெரிந்தால்தானே கேட்பார்கள்.

சரி, காலக் கணக்கு. மார்ச்சில் பொதுத் தேர்வு. அதற்கு முன்னாலேயே, இப்போதே, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். ஒன்றுக்கு 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று படியேறி வரும். மே மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் மொய்க்கும்போது சர்வர் படுத்துக்கொள்ளும். மே, ஜூன், ஜூலை விண்ணப்பம், கலந்தாய்வு. ஆகஸ்ட், செப்டம்பரில் கல்லூரி.

அதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்த பிள்ளை முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் பாடம் கேட்டு மிரண்டுபோகும். இரண்டு அரியர் விழுந்ததும் "எனக்கு இது ஒத்துவராது" என்று வீட்டுக்கு வந்துவிடும். நீங்களும் அதே மாதிரி மிரண்டவர்கள்தானே? அதை அப்படியே சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஆளுக்கு மூன்று பிள்ளை, பிப்ரவரியில் தொடங்கி முதல் செமஸ்டர் ரிசல்ட் வரை. என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

—

தாமிரபரணி_06 எழுதியது:

கரும்பலகை சார், இது நாங்கள் யோசிக்கவே யோசிக்காத கோணம். எங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரிகள்தான். நான் எம்.எஸ்சி. சேர்ந்த முதல் மாதம் லேபில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் வாயைத் திறக்க மாட்டேன், "தெரியாது" என்று சொல்வதே கௌரவம் என்று நின்றிருக்கிறேன். ஒரு சந்தேகம். பள்ளிக்குள் எப்படி வருவது? நேரே தலைமையாசிரியரைப் பார்க்கலாமா?

—

கரும்பலகை எழுதியது:

தலைமையாசிரியரிடம்தான் முதலில். நான்கு வரியில் ஒரு கடிதம், யார் யார் வருகிறீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை மாதம். அவர் அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைப்பார். 2024-இல் அந்தக் குழுக்களை மாற்றியமைத்தபோது பள்ளியின் முன்னாள் மாணவர்களையும் உறுப்பினர்களாகச் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் 38 பேரில் யாராவது அந்தந்த ஊர் அரசுப் பள்ளியில் படித்தவராக இருப்பார், பல்கலைக்கழகத்தை மட்டும் நினைக்காமல் அந்தப் பள்ளியிலிருந்தே ஆரம்பியுங்கள், கதவு சீக்கிரம் திறக்கும்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பிள்ளைகளைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடக் கூடாது. உதவி வாங்குகிற முகம் ஊரெல்லாம் சுற்றினால் அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்புக்கே வர வெட்கப்படும். இரண்டாவது, தனியாக யாரையும் அழைத்துப் பேசுவது, ராத்திரி வாட்ஸ்அப் இதெல்லாம் கிடையாது. பெண் பிள்ளைகளுக்கு உங்கள் குழுவில் உள்ள பெண்களே பேசட்டும், வீட்டுப் போனில், ஸ்பீக்கரில் போட்டு, அம்மா பக்கத்தில் இருக்கும்போது. அம்மாவுக்கும் விஷயம் புரியும், அது இன்னொரு லாபம்.

—

ஒலிநூல்_மதுரை எழுதியது:

சார் சொன்னதற்கு நான் மறுப்பு சொல்லவில்லை, ஆனால் 38 பேரும் போய்ச் சான்றிதழ் வாங்க நிற்க வேண்டாம், எங்கள் பக்கமும் கொஞ்சம் வாருங்கள்.

எனக்குப் பார்வை கிடையாது. எம்.ஏ. முடித்து இப்போது வங்கியில் வேலை. பார்வையற்றோருக்கு உதவ வேண்டும் என்றால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஸ்கிரைப், அதாவது நாங்கள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தருவது. நல்ல மனசுதான். ஆனால் முதுகலை படித்தவர்கள் எல்லாத் தேர்வுக்கும் எழுத முடியாது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், தேர்வு எழுதுபவர் தானே ஸ்கிரைப்பைக் கூட்டிவந்தால் அவர் படிப்பு ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று இருந்தது. நான் எம்.ஏ. எழுதும்போது எனக்காக லீவு போட்டு வந்த ஒரு அண்ணன் எம்.காம். படித்தவர், ஹால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருக்கும் சங்கடம், எனக்கு அந்த அரைமணி நேரம் நெஞ்சு அடித்துக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடைசியில் பக்கத்து விடுதியில் இருந்து இரண்டாம் வருஷம் பி.ஏ. படிக்கிற தம்பி ஒருத்தன் ஓடிவந்தான். அதனால் ஸ்கிரைப் ஆக வர விரும்பினால் அந்தத் தேர்வை நடத்துகிறவர்களிடம் இப்போதைய விதியைக் கேட்டுவிட்டு வாருங்கள். மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம் உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு வாருங்கள், சில கண்காணிப்பாளர்களுக்கே அது தெரியாது, நீங்கள்தான் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்களை மாதிரி அறிவியல் படித்தவர்கள் செய்யக்கூடிய வேலை வேறு. எங்களிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது, என்.வி.டி.ஏ. என்று இலவசமாகத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள் இருக்கிறது, அது தமிழும் படிக்கும். ஆனால் கையில் கிடைக்கிற தமிழ் நோட்ஸ் பாதி ஸ்கேன் செய்த படம், அதைப் படிக்காது. மீதி பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தது. உங்கள் கண்ணுக்கு அழகாகத் தமிழ் தெரியும், எங்களுக்கு அது ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவுமாகக் குப்பையாகக் கேட்கும். ஒரு பேராசிரியர் முப்பது வருஷமாகச் சேர்த்த நோட்ஸ் முழுக்க அப்படி இருந்தால் எங்களுக்கு அது பூட்டிய பெட்டி. அதை யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துமுறைக்கு மாற்றி, மாற்றும்போது வருகிற பிழைகளைத் திருத்தித் தர வேண்டும். மாற்றுவது ஒரு நிமிஷம். திருத்துவதுதான் வேலை, ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறிக் கிடக்கும். படங்கள் இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுத வேண்டும். "படம் 3.2-இல் காட்டியபடி" என்று மட்டும் இருந்தால் நான் என்ன செய்வேன்? மின்சுற்றின் படத்தை வார்த்தையில் சொல்ல இயற்பியல் தெரிந்தவர் வேண்டும், வெறும் நல்ல மனசு போதாது.

இதைச் சிங்கப்பூரில் இருந்தும் செய்யலாம், ராத்திரி பதினொரு மணிக்கும் செய்யலாம். அருகில் உள்ள கல்லூரியில் பார்வையற்ற மாணவர்கள் எத்தனை பேர், இந்த செமஸ்டரில் அவர்களுக்கு எந்தத் தாள் கிடைக்கவில்லை என்று கேளுங்கள். தாங்களாகவே ஒரு நாவலை ஒலிநூலாக வாசித்துக் கொண்டுவந்து "எப்படி இருக்கு என் குரல்" என்று கேட்பவர்களும் உண்டு. நன்றாகத்தான் இருக்கும், திங்கட்கிழமைப் பரீட்சைக்கு அது உதவாது.

—

சிங்கை_நாச்சியார் எழுதியது:

வெளிநாட்டில் இருப்பவர்களைப் பற்றி நான் சொல்கிறேன், பத்து வருஷமாக அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

எங்கள் பேட்ச் செய்வது மாதிரி நேர்காணல். கடைசி வருஷ மாணவர்களுக்கு, அவர்கள் கல்லூரிக்கே கம்பெனிகள் வந்து வேலைக்கு ஆள் எடுக்கிற வளாகத் தேர்வு தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்பிருந்து, சனிக்கிழமை இந்திய நேரம் ஏழு மணிக்கு. இங்கே ஒன்பதரை, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு உட்காருவேன். ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம் நேர்காணல், பத்து நிமிஷம் என்ன சரி, என்ன தப்பு என்று பேச்சு. முதல் வாரம் கேமராவைப் போடவே கூச்சப்படுவார்கள், ஐந்தாவது வாரம் நம்மையே மடக்குவார்கள். ஒரு தங்கச்சி எல்லாக் கேள்விக்கும் மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். நிறுத்தி, "உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார், அதில் கஷ்டமான வேலை எது, தமிழிலேயே சொல்லு" என்றேன். அப்பாவுக்குச் செங்கல் சூளை. மழை வருமுன் சுடாத கல்லை எப்படி மூடுவார்கள், எத்தனை கல் போனால் எவ்வளவு நஷ்டம் என்று பத்து நிமிஷம் சொன்னாள், அவ்வளவு தெளிவு. அதைத்தான் "ஒரு பிரச்சினையை எப்படிச் சமாளித்தாய்" என்ற கேள்விக்குப் பதிலாக்கினோம், ஆங்கிலம் பின்னாலேயே வந்தது.

பண விஷயத்தில் கவனம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாற்றியவர் அனுப்பினால் ஆகும், வாங்குகிற அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். உங்கள் 38 பேரில் யாராவது நீல நிற இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் கேட்கவில்லை, பிறகு ஒருத்தர் காசைத் திருப்பி அனுப்பியதில் மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

நேரில் மனிதர்களோடு பேசச் சங்கடப்படுகிறவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு, அவர்களை விட்டுவிடாதீர்கள். இணையத்தில் இலவச நூலகமாக இருக்கும் தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் ஏராளமாக மெய்ப்புப் பார்க்கக் காத்திருக்கின்றன, ஒரு பக்கம் ஸ்கேன், ஒரு பக்கம் எழுத்து, ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதுதான். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தருவதற்காக 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டமும் இப்படித் தன்னார்வலர்கள் உலகத்தின் மூலை மூலையில் உட்கார்ந்து தட்டச்சு செய்து வளர்ந்ததுதான். எங்கள் பேட்சில் யாரோடும் பேசாத ஒருத்தன் தினம் இரண்டு பக்கம் திருத்துகிறான். எங்கள் குழுவிலேயே விடாமல் தொடர்கிறவன் அவன்தான்.

—

நண்டுவளை எழுதியது:

எல்லோரும் படிப்பு படிப்பு என்கிறீர்கள். சென்னையில் 11 பேர் இருக்கிறார்கள் என்றாரே, அவர்களுக்கு என் பங்குக்கு ஒன்று.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் காலம். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் சென்னைக் கடற்கரையில் ராத்திரி நடக்கிறார்கள். நீலாங்கரையில் தொடங்கிப் பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் மணலில் நடை, முட்டைகளைக் கண்டுபிடித்துப் பொரிப்பகத்துக்கு மாற்றுவார்கள், சுமார் 45 நாளில் குஞ்சு வெளியே வரும். பொதுமக்களையும் வார இறுதியில் நடையில் சேர்த்துக்கொள்கிறார்கள். மணலில் ஏழு கிலோமீட்டர் என்பது ரோட்டில் பதினைந்துக்குச் சமம், முழங்கால் தேய்ந்த 2006 பேட்ச் யோசித்துக்கொண்டு வரவும். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் கூடாது. கரையெல்லாம் விளக்கு வெளிச்சம், குஞ்சுகள் கடல் என்று நினைத்து ரோட்டுப் பக்கம் ஊர்ந்துபோகும், அதைப் பார்த்துவிட்டால் உங்கள் அபார்ட்மெண்ட் மொட்டை மாடி விளக்கை அணைக்கச் சொல்லி நீங்களே சண்டைக்குப் போவீர்கள். முதல் நடையிலேயே ஆமை தெரியும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு நான்காவது நடையில்தான் தெரிந்தது.

—

பழைய_பேட்ச்_92 எழுதியது:

தம்பி, எல்லோரும் நல்லது சொல்கிறார்கள், நான் கொஞ்சம் கசப்பு சொல்கிறேன்.

டிரஸ்ட் வேண்டாம் என்று முடிவெடுத்தீர்கள் பாருங்கள், உங்களுக்குக் கோயில் கட்டலாம். நாங்கள் 2009-இல் சங்கமாகவே பதிவு செய்தோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, குறைந்தது ஏழு உறுப்பினர். ஏழு பேரைச் சேர்த்தோம், ஏழு பேருக்கும் பதவி கொடுத்தோம், வேலை செய்ய எட்டாவது ஆள் இல்லை. லெட்டர்பேடில் யார் பெயர் மேலே என்று இரண்டு கூட்டம் போனது. வருஷா வருஷம் கணக்கு தாக்கல் செய்யவே ஒருத்தன் அலைந்தான். அதே வருஷம் 300 மரக்கன்று நட்டோம், நட்ட அன்றைக்கு எம்.எல்.ஏ. வந்தார், அடுத்த கோடையில் ஆடு வந்தது. மிஞ்சியது பதினொன்று, அதுவும் டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றியதால்.

எங்கள் பேட்சில் பதினைந்து வருஷமாக ஓடுவது ஒன்றே ஒன்று, இரத்ததானப் பட்டியல். அதற்கு லெட்டர்பேட் கிடையாது. பெயர், வகை, ஊர், போன், கடைசியாகக் கொடுத்த தேதி, ஐந்து கட்டம் உள்ள ஒரு ஷீட். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், வயது 65 வரை. இப்படிப்பட்ட பட்டியல் எல்லாக் குழுவிலும் இருக்கும், ஆனால் அவசரத்துக்கு அடித்தால் பாதி நம்பர் வேலை செய்யாது, ஒருத்தன் துபாயில் இருப்பான், ஒருத்தனுக்குச் சர்க்கரைக்கு ஊசி. எங்கள் ஆள் ஒருவன் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 64 பேருக்கும் போன் போட்டு "இன்னும் உசுரோட இருக்கியா, எந்த ஊர்ல இருக்க" என்று கேட்டுத் திருத்துகிறான். அந்தப் போன்தான் அதை உயிரோடு வைத்திருக்கிறது.

கரும்பலகை சார் சொன்னது பொன்னான யோசனை, ஆனால் 38 பேர் கணக்குப் போடாதீர்கள். முதல் கூட்டத்துக்கு இருபது பேர் வருவார்கள், மூன்றாவதுக்கு ஒன்பது, மழை வந்தால் ஆறு. ஆறு பேரால் எவ்வளவு முடியுமோ அவ்வளவை மட்டும் பள்ளியிடம் ஒத்துக்கொள்ளுங்கள். நூறு பிள்ளைகளை எடுத்துக்கொள்கிறோம் என்று மைக்கில் சொல்லிவிட்டு ஜூலையில் போனை எடுக்காமல் இருந்தால், ஏற்கெனவே புரோக்கரிடம் ஏமாந்த வீட்டுக்கு நீங்களும் ஒரு புரோக்கர்தான்.

—

கரும்பலகை எழுதியது:

92 அண்ணாச்சி சொன்னதற்கு என் முழு ஓட்டு. மூன்று பிள்ளை என்று நான் சொன்னதே அதிகமோ என்று இப்போது தோன்றுகிறது. வேலைக்குப் போகிறவர்கள் இரண்டோடு நிறுத்தினாலும் எனக்குச் சந்தோஷம்தான். பாதியில் விட வேண்டி வந்தால் சொல்லாமல் மறையாமல், இன்னொருவரிடம் அந்தப் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போங்கள், எங்களுக்கு அது போதும்.

சின்ன வகுப்புகளுக்குச் சொல்லித் தர யாராவது விரும்பினால் எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் மாலை நேரக் கற்பித்தல் திட்டம் 2021 அக்டோபரில் மரக்காணத்தில் தொடங்கியபோது என் மனைவி தன்னார்வலராகச் சேர்ந்தார். மாலை ஐந்து மணிக்கு மேல் எங்கள் வீட்டுத் திண்ணையில் பதினெட்டுப் பிள்ளைகள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை, அது கலர் பென்சிலுக்கும் கடலை மிட்டாய்க்குமே சரியாகப் போனது. தினமும் ஒன்றரை மணி நேரம் கொடுக்க முடிகிறவர்களுக்குத்தான் அந்த மாதிரி வேலை, மாதம் ஒரு சனிக்கிழமை என்பவர்களுக்கு ஒத்துவராது. மாதம் ஒரு முறை மட்டும் தலையைக் காட்டுகிறவரைச் சின்னப் பிள்ளைகள் விருந்தாளியாகத்தான் பார்ப்பார்கள்.

—

தாமிரபரணி_06 எழுதியது:

நேற்று ராத்திரி குழுவில் இந்த இழை முழுவதையும் பகிர்ந்து ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். 92 அண்ணன் கணக்கு அப்படியே பலித்தது, 38 பேரில் கை தூக்கியவர்கள் ஏழு பேர். இன்னும் நான்கு பேர் கட்டைவிரல் படம் போட்டார்கள், அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஏழில் நான்கு பேர் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம். உரக்கடை நண்பன் படித்த அரசுப் பள்ளியிலேயே தொடங்குகிறோம், அவனுக்குத் தலைமையாசிரியரையும் தெரியும், ஊரில் எந்த வீட்டில் யாருக்கு என்ன நிலைமை என்பதும் தெரியும். ஆளுக்கு இரண்டு பிள்ளை, மொத்தம் எட்டு. பெண் பிள்ளைகளுக்கு அந்த நான்கு பேரில் உள்ள இரண்டு பெண்கள் பேசுகிறார்கள், ஒருவர் இப்போது கல்லூரியிலேயே ஆசிரியர். சிங்கப்பூர் நண்பனும் பெங்களூர்த் தோழியும் யூனிகோடு வேலையை எடுத்துக்கொள்கிறார்கள். ஒலிநூல், உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், முதலில் எந்தத் தாள் வேண்டும் என்று அந்த மாணவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள், இயற்பியல் படம் என்றால் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு எழுதுவார்கள். ஏழாவது ஆள் நான், இரத்ததானப் பட்டியல் என் தலையில் விழுந்திருக்கிறது. சென்னைக்காரர்கள் ஆமை நடைக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கிறார்களாம், முழங்கால் பற்றிய வரியை அவர்களுக்கு அடிக்கோடிட்டு அனுப்பினேன்.

ஒன்றுகூடலில் 9,200 ரூபாய் மிச்சம் இருக்கிறது. இ-சேவைக் கட்டணம், ஜெராக்ஸ், கலந்தாய்வு உதவி மையத்துக்குப் போய்வர பஸ் காசு, இதற்கு மட்டும் எடுப்பது என்று பேசியிருக்கிறோம். வேறு வசூல் இல்லை.

சார், கடைசியாக ஒன்று. பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை முதல் தடவை போகிறோம். உரக்கடைக்காரன் விசாரித்ததில் எட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஆதாரில் ஒரு இனிஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் வேறு இனிஷியலும் இருக்கிறது. ஒரு பையனுக்குப் பிறந்த தேதியே வேறு. எதை முதலில் தொடுவது?

—

கரும்பலகை எழுதியது:

மார்க் ஷீட்டைத் தொடாதீர்கள், அது மலை. அதில் உள்ளதே சரியான பெயர் என்றால் ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுங்கள், பிறகு அதே எழுத்துக்கூட்டில் மற்றச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பியுங்கள். வரிசை மாறினால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டிவரும். பிறந்த தேதி வேறு என்ற பையனின் பிறப்புச் சான்றிதழில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள், அது வீட்டில் இருக்காது, பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும். மூன்று பேரின் அப்பா அம்மாவையும் அன்றைக்குப் பள்ளிக்கு வரச் சொல்லிவிடுங்கள், காலையில் என்றால் கூலி போகும், மூன்று மணிக்கு மேல் வையுங்கள்.